மைனர் ஸ்கேல் மூன்றா, நான்கா? ஜி7 வந்தால் ஏன் இடிக்கிறது?

டோம்பிவிலி வாசகர் கேட்டது, ஜூன் 8

சின்ன வயதில் வயலின் கற்றுக்கொண்டவன். இப்போது கீபோர்டில் ஜாஸ் பழகுகிறேன். நேச்சுரல் மைனர் நடபைரவி, ஹார்மோனிக் மைனர் கீரவாணி, மெலடிக் மைனர் கௌரிமனோகரி, மோட் (ஒரே ஸ்கேலை வேறு ஸ்வரத்திலிருந்து தொடங்குவது) என்றால் கிரகபேதம். எல்லாம் நமக்குத் தெரிந்த சரக்குதானே? ஆனால் 'ப்ளூ போஸா' என்ற ஜாஸ் பாட்டின் பேக்கிங் டிராக்கை, அதாவது பின்னணி வாத்தியங்கள் மட்டும் ஓடும் பதிவை, போட்டுக்கொண்டு வாசித்தால் ஜி7 கார்டு (ஜி, பி, டி, எஃப் சேர்ந்து ஒலிப்பது) வரும் இடத்தில் நடபைரவி இடிக்கிறது. கீரவாணி இடிக்கவில்லை, ஆனால் கச்சேரி மாதிரி இருக்கிறது. எந்த ஸ்கேல்தான் சரி?

ஜூன் 8, இரவு

"எந்த ஸ்கேல்" என்று கேட்டால் பத்துப் பேர் பத்து பதில் சொல்வார்கள். இந்த இடத்தில் எந்தத் தைவதம், எந்த நிஷாதம் என்று கேளுங்கள். பதில் ஒன்றுதான் வரும்.

சி-யை ஷட்ஜமாக வைத்துக்கொள்வோம்: டி ரி2, ஈ ஃப்ளாட் க2, எஃப் ம1, ஜி ப, ஏ ஃப்ளாட் த1, ஏ த2, பி ஃப்ளாட் நி2, பி நி3. மைனரில் ச ரி2 க2 ம1 ப அசையாது. ஆடுவது தைவதமும் நிஷாதமும்தான். இரண்டுக்கும் இவ்விரண்டு இடம், ஆக நான்கு சேர்க்கை. த1 நி2 நடபைரவி. த1 நி3 கீரவாணி. த2 நி2 கரகரப்ரியா. த2 நி3 கௌரிமனோகரி. மேளகர்த்தா (72 தாய் ராகங்களின் பட்டியல்) எண்ணைப் பாருங்கள்: 20, 21, 22, 23. அந்தப் பட்டியலின் வேத சக்கரம் என்ற பகுதியில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஜாஸில் டோரியன் என்பது அந்த 22. மேற்கத்தியப் பாடப்புத்தகம் அதை மைனர் பாடத்தில் வைக்காமல் மோட் பாடத்துக்குத் தள்ளிவிடும். நாம் தள்ள வேண்டாம், நான்காகவே வைத்துக்கொள்வோம்.

இப்போது உங்கள் பாட்டு. மொத்தம் 16 பார் (பார் என்பது நம் தாள ஆவர்த்தனம் மாதிரி). முதலில் சி மைனர் இரண்டு பார். இங்கே த2 வைத்தாலும் த1 வைத்தாலும் யாரும் அடிக்க வரமாட்டார்கள், த2 கொஞ்சம் வெளிச்சமாக இருக்கும். அடுத்து எஃப் மைனர். அந்தக் கார்டின் மூன்றாவது ஸ்வரம் ஏ ஃப்ளாட், அதாவது உங்கள் த1. இங்கே த2 வாசித்தால் எஃப் மைனரை எஃப் மேஜராக்கிவிடுவீர்கள். அப்புறம் டி மைனர் 7 ஃப்ளாட் 5, அதில் ஃப்ளாட் ஆன ஐந்தாவது ஸ்வரமும் அதே ஏ ஃப்ளாட்தான். த1 தொடர்கிறது. அடுத்த பார் ஜி7. அதன் மூன்றாவது ஸ்வரம் பி, அதாவது நி3. நீங்கள் நடபைரவியின் நி2-வைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், கார்டு நி3-ஐ வாசிக்கிறது, இரண்டுக்கும் நடுவே அரை ஸ்வரம். அதுதான் இடி. திரும்ப சி மைனர் வரும்போது நி3 ச-வுக்கும், த1 ப-வுக்கும் போய் அமரும்.

ஆக, ஒரே மைனர்தான். கார்டு கேட்கிறபடி இரண்டு ஸ்வரங்கள் இடம் மாறுகின்றன. ஸ்கேல் பெயர்கள் எல்லாம் நின்றுபோன ஒரு கணத்துக்கு ஒட்டிய சீட்டு.

நடுவில் வரும் டி ஃப்ளாட் மேஜர் பகுதி வேறு கதை. அங்கே ஷட்ஜமே நாலு பாருக்கு நகர்ந்துவிடுகிறது. அதை இந்த விவகாரத்தில் இழுக்க வேண்டாம்.

ஜூன் 9, காலை

ரயிலில் வரும்போது தோன்றியது. ஹார்மோனிக் மைனர் எதற்கு வந்தது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். நேச்சுரல் மைனரில் ஐந்தாவது கார்டு ஜி மைனர். அதற்கு வீட்டுக்கு இழுக்கும் பலம் போதாது. நிஷாதத்தை அரை ஸ்வரம் ஏற்றினால் ஜி7 கிடைக்கும், இழுப்பு வரும். ஆனால் த1-க்கும் நி3-க்கும் நடுவே பெரிய பள்ளம் விழும். கீரவாணியின் மணமே அந்தப் பள்ளம்தான். பழைய ஐரோப்பியப் பாடகர்களுக்கு அது தாண்டக் கஷ்டம். அதனால் தைவதத்தையும் ஏற்றினார்கள், மெலடிக் மைனர் வந்தது. ஏறும்போது கௌரிமனோகரி, இறங்கும்போது நடபைரவி என்பது அந்தப் பாடப்புத்தக விதி. ஜாஸில் ஏற்றம் இறக்கம் இரண்டும் கௌரிமனோகரிதான்.

உங்கள் காதில் கௌரிமனோகரி இல்லையென்றால் 'குருலேக எடுவண்டி' கேளுங்கள். ஸ்கேல் பயிற்சியை விட அது சீக்கிரம் ஒட்டும்.

ஜூன் 11

"மோட் என்றால் கிரகபேதம்" என்பதற்கு வருகிறேன். கணக்கில் சரி. காதில் வேறு.

கச்சேரியில் கிரகபேதம் செய்யும்போது தம்புரா அசையாது. பாடுகிறவர் ரிஷபத்தையோ மத்யமத்தையோ ஷட்ஜமாகப் பாவித்து நம்மைக் கொஞ்ச நேரம் ஏமாற்றுகிறார். தம்புரா அங்கேயே நிற்பதால்தான் அந்த ஏமாற்று நமக்குத் தெரிகிறது, ருசிக்கிறது. ஜாஸில் பேஸ் வாசிப்பவர் பாருக்குப் பார் நகர்கிறார். தம்புராவே எழுந்து இடம் மாறி உட்கார்ந்துகொள்வது போல. அப்படியும் பாட்டின் ஷட்ஜம் சி என்பதைக் காது மறப்பதில்லை. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், கஷ்டம் அங்கேதான்.

கணக்கையும் போட்டுவிடுவோம். கௌரிமனோகரியை ரிஷபத்திலிருந்து எடுத்தால் நாடகப்ரியா, மத்யமத்திலிருந்து வாசஸ்பதி, பஞ்சமத்திலிருந்து சாருகேசி. க, த, நி மூன்றிலிருந்தும் எடுத்தால் பஞ்சமம் கிடைக்காது, ஆகவே மேளகர்த்தாப் பட்டியலில் இடம் கிடையாது. கீரவாணியிலும் இதே கதை: ம-வில் ஹேமவதி, ப-வில் வகுளாபரணம், த-வில் கோசலம், மற்றவற்றுக்குப் பஞ்சமம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், கௌரிமனோகரியில் நம் பட்டியல் ஒதுக்கிய அந்த மூன்றில்தான் ஜாஸ்காரர்களின் பாதிப் பிழைப்பு நடக்கிறது. ஆல்டர்டு ஸ்கேல் என்று பயமுறுத்துவார்களே, அது கௌரிமனோகரியின் நிஷாதத்திலிருந்து எடுத்ததுதான்.

ஜூன் 11, சற்று நேரம் கழித்து

ஜி7-இல் கீரவாணி கச்சேரி மாதிரி இருக்கிறது என்றீர்களே, எனக்கும் அதே. செம்பூரில் எங்கள் மாடியில் கிட்டாரை வைத்துக்கொண்டு அந்த ஒரு பாரை மட்டும் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மாமி கதவைத் திறந்து, "ஏன்டா, கீரவாணியை ஆரம்பிச்சா முடிக்க மாட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இதைவிட நல்ல விமர்சனம் எந்த ஜாஸ் ஆசிரியரும் எனக்குத் தந்ததில்லை. த1 நி3 தாவலைத் தொடர்ந்து வாசித்தால் அது ராகமாகிவிடும். ஒரு தடவை தொட்டுவிட்டு நகர்ந்தால்தான் அது ஜி7.

இங்கே தபலா வாசிக்கும் மராத்தி நண்பர் அதை கிர்வாணி என்பார். இந்துஸ்தானிக்காரர்கள் நம்மிடம் வாங்கிக்கொண்ட ராகம். சாருகேசியும் அப்படிப் போனதுதான்.

ஜூன் 15

ஆல்டர்டு பற்றிக் கேட்டு மூன்று பேர் எழுதிவிட்டார்கள். சரி, நீளமாகவே சொல்கிறேன்.

ஜி7 மேல் ஆல்டர்டு என்றால் ஏ ஃப்ளாட் மெலடிக் மைனர். ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட், பி, டி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், எஃப், ஜி. "ஜி-யிலிருந்து இப்படி, இப்படி" என்று ஏழு இடைவெளிகளை மனப்பாடம் செய்கிறவர்கள் உண்டு. எதற்கு? ஏ ஃப்ளாட்டில் கௌரிமனோகரி, அவ்வளவுதான். கை அரை ஸ்வரம் மேலே நகர்ந்தால் போதும்.

பெரும்பாலான பாடங்கள் இங்கே நின்றுவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்தது. அந்த ஏழு ஸ்வரங்களையும் சி-யை ஷட்ஜமாக வைத்தே பெயர் சொல்லிப் பாருங்கள்: ப, த1, நி2, நி3, ரி1, க2, ம1. ஷட்ஜம் எங்கே? இல்லை. ரி2-வும் இல்லை. வீட்டுச் சாவியை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் கையில் இருக்கிறது. ஷட்ஜம் எங்குமே கேட்காத ஒரு பார் போனபிறகு சி மைனர் வந்தால், ச என்ற ஒரு ஸ்வரத்தைத் தொட்டாலே காது "அப்பாடா" என்கிறது. வருகிற வழிகளும் அரை ஸ்வரம், முழு ஸ்வரம் தூரத்தில் இருக்கின்றன. ரி1 இறங்கி ச, நி3 ஏறி ச, த1 இறங்கி ப, ம1 இறங்கி க2.

கீரவாணியில் ச இருக்கிறது. ஜி7-இல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றால் நி3-ஓடு மோதும், மோதாவிட்டாலும் முன்கூட்டியே வீட்டுக்கு வந்துவிட்டது போல ஆகிவிடும். டோம்பிவிலி நண்பருக்குக் கீரவாணி ஒப்பாததற்கு இது இரண்டாவது காரணம்.

ஆல்டர்டை ஜி மேல் ஒரு ராகமாக ஆலாபனை செய்து பார்க்காதீர்கள். அங்கே நிற்பதற்கு எதுவுமில்லை. நிற்கக்கூடாது என்பதற்காகவே உண்டானது அது.

இன்னொன்று. ஜி7-க்குப் பதிலாக டி ஃப்ளாட் 7 போடுவார்கள். இரண்டுக்கும் பி-யும் எஃப்-உம் பொது, ஒன்றின் மூன்று மற்றதன் ஏழு. டி ஃப்ளாட் 7 மேல் வாசிக்கும் லிடியன் டாமினன்ட், அதாவது டி ஃப்ளாட்டில் வாசஸ்பதி, அதே ஏ ஃப்ளாட் கௌரிமனோகரிதான். பேஸ்காரர் எங்கே போனாலும் உங்கள் கை நகர வேண்டியதில்லை.

ஜூன் 16

"முதல் நாள் ஜி7-இல் நி2 இடிக்கும் என்றீர்கள், நேற்று ஆல்டர்டில் நி2 இருக்கிறது என்கிறீர்கள், எதை நம்புவது?" என்று ஒருவர் பிடித்திருக்கிறார். சபாஷ். இரண்டையும் நம்பலாம்.

கார்டில் நி3 கீழே இருக்கட்டும், நி2-வை மேல் ஸ்தாயியில் தொடுங்கள். கீழிருந்து ஜி, பி, எஃப், உச்சியில் பி ஃப்ளாட். உரசல் இருக்கும், கூர்மையாக, நன்றாக இருக்கும். அதே இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே ஸ்தாயியில் அழுத்திப் பாருங்கள், பல் கூசும். அப்புறம் சேர்க்கை. ரி1-உம் த1-உம் கூட வந்தால் நி2 வேண்டுமென்றே வந்தது என்று காதுக்குத் தெரியும். நடபைரவியை நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போகிறவரிடமிருந்து வரும் நி2, கார்டு மாறியதைக் கவனிக்காத நி2. ஸ்வரம் ஒன்று, வந்த விதம் வேறு.

ஜூன் 17, இரவு

மழை. கிட்டார் கம்பியெல்லாம் வழக்கம்போலத் துரு. பெட்டிக்குள் சிலிக்கா பை போட்டும் ஜூன், ஜூலையில் மும்பையில் ஒன்றும் நடப்பதில்லை.

ஆல்டர்டைப் பற்றி அவ்வளவு எழுதியபின் ஒரு சந்தேகம். தொடங்குகிறவர் அங்கிருந்து தொடங்கினால் வீண். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மாஹிமில் இருந்த ஒரு கோவாக்காரப் பெரியவர். எல்லாரும் அங்கிள் என்போம். சினிமா ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தவர். பம்பாயில் ஸ்டாஃப் நோட்டேஷனை, அதாவது மேற்கத்திய இசைக்குறிப்பை, சரளமாகப் படிக்கத் தெரிந்த கோவா வாத்தியக்காரர்கள்தான் ஒரு காலத்தில் பகலில் ஸ்டூடியோவையும் இரவில் ஹோட்டல் பாண்டையும் தாங்கியவர்கள். 1978-இல் பம்பாய் ரங் பவனில் முதல் ஜாஸ் யாத்ரா இசை விழா நடந்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அன்றைக்குப் பாடம் நடக்காது.

அவர் வாயில் மோட் பெயர் எதையும் கேட்டதில்லை. "மூன்றும் ஏழும் பிடி, மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம்" என்பார். டி மைனர் 7 ஃப்ளாட் 5-இன் மூன்றும் ஏழும் எஃப், சி. ஜி7-இன் ஏழும் மூன்றும் எஃப், பி. சி மைனர் 7-இன் மூன்றும் ஏழும் ஈ ஃப்ளாட், பி ஃப்ளாட். நம் பாஷையில் ஒரு குரல் ம, ம, க2. இன்னொரு குரல் ச, நி3, நி2. வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். ஒரு ஸ்கேலும் வாசிக்காமலேயே கார்டுகள் மாறுவது கேட்கும். வாரக்கணக்கில் எங்களை இதை மட்டும்தான் வாசிக்க வைத்தார். அப்போது எரிச்சலாக இருந்தது.

டோம்பிவிலி நண்பர் இந்த இரண்டு வரிகளில் ஆரம்பிக்கலாம். பிறகு இடையில் உள்ள ஸ்வரங்களை நிரப்பினால் கீரவாணி தானாக வரும், கச்சேரியாகவும் ஆகாது.

ஜூன் 21

செம்பூரிலிருந்தே ஒருவர்: டி மைனர் 7 ஃப்ளாட் 5 மேல் லோக்ரியனா, லோக்ரியன் நேச்சுரல் 2-வா?

முதலாவது, சி நடபைரவியை ரிஷபத்திலிருந்து எடுப்பது. இரண்டாவது, எஃப் மெலடிக் மைனரைத் தைவதத்திலிருந்து எடுப்பது. வித்தியாசம் ஒரே ஸ்வரம், ஈ ஃப்ளாட்டுக்குப் பதில் ஈ. கார்டைத் தனியாக அழுத்தி வாசித்தால் ஈ அழகாகத்தான் இருக்கும், ஈ ஃப்ளாட் டி-யோடு உரசும். அதனால் பல புத்தகங்கள் ஈ-யைச் சிபாரிசு செய்கின்றன. ஆனால் பாட்டு சி மைனரில் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே ஈ என்பது க3. மைனர் பாட்டின் நடுவே அந்தர காந்தாரத்தை நீட்டிப் பிடித்தால் கேட்பவர் நிமிர்ந்து பார்ப்பார். மெதுவான பாட்டில், தெரிந்தே செய்தால் சரி. மற்றபடி எனக்கு இது தேவையில்லாத தலைவலி. அந்தக் கார்டு பெரும்பாலும் ஒரு பார்தான் இருக்கும், டி எஃப் ஏ ஃப்ளாட் சி நான்கையும் வாசித்து முடிப்பதற்குள் ஜி7 வந்துவிடும்.

ஜூன் 22

"அப்படியானால் மோட் என்பதே தேவையில்லையா?" தேவை. கார்டு நகராமல் நிற்கும் பாட்டுகளில்தான் அது முழுசாகத் தேவை.

ஜாஸ் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் 1959-இல் பதிவு செய்த 'ஸோ வாட்' 32 பார். முதல் 16 டி டோரியன், அடுத்த 8 ஈ ஃப்ளாட் டோரியன், கடைசி 8 திரும்பவும் டி. இழுக்கும் ஐந்தாவது கார்டு கிடையாது. இங்கே கரகரப்ரியா நிஜமாகவே உட்கார்ந்துகொள்ளலாம். நேச்சுரல் மைனருக்கும் இதற்கும் வித்தியாசம் அந்த த2 ஒன்றுதான். டி-யிலிருந்து எண்ணினால் அது பி. அதைத் தொடாமல் வாசித்தால் டோரியன் என்றே தெரியாது.

நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கரகரப்ரியா என்றவுடன் கை தானாகக் காந்தாரத்தையும் நிஷாதத்தையும் ஆட்டும். வயலின்காரருக்கு இன்னும் மோசம். பியானோ நான்கு நான்காக அடுக்கி உச்சியில் மட்டும் ஒரு மூன்று வைத்த கார்டை, டி ஜி சி எஃப் ஏ என்று, நேராக வைத்திருக்கும்போது நீங்கள் எஃப்-ஐ ஆட்டினால் இரண்டும் ஒட்டாது. வாக்கியத்தின் கடைசி ஸ்வரத்தில் மட்டும் லேசாக ஆட்டலாம். கீபோர்டில் இந்தத் தொல்லை இல்லை, பிட்ச் வீலைத் தொடாத வரைக்கும்.

எட்டு பார் ஈ ஃப்ளாட்டுக்கு நகரும் இடத்தில் வழி தவறாதவர் யாரும் கிடையாது. எண்ணாதீர்கள், டிரம்ஸைக் கேளுங்கள்.

ஜூன் 29

முதல் நாள் சி மைனர் கார்டு மேல் த1, த2 எதுவானாலும் சரி என்று அவசரமாகக் கடந்துவிட்டேன். கொஞ்சம் கூட்டிச் சொல்ல வேண்டும். கார்டு எந்த மைனர் என்று பாருங்கள். சி மைனர் 7 என்றால் நி2, கூடவே த2. டோரியன். சி மைனர் மேஜர் 7 என்றால் நி3, அங்கே கௌரிமனோகரி. சி மைனர் 6 என்றால் த2 கார்டிலேயே இருக்கிறது, நிஷாதம் உங்கள் விருப்பம். பழைய ஸ்விங் பாட்டுகள் பலவும் 6-இல்தான் முடியும், 7-ஐ விட அது நன்றாக அமரும்.

சும்மா சி மைனர் என்று மட்டும் எழுதி நாலு பார் நின்றால், பியானோக்காரர்கள் சலிப்புத் தீர உள்ளே ஒரு குரலை இறக்குவார்கள். சி, பி, பி ஃப்ளாட், ஏ. ச, நி3, நி2, த2. மேலே க2-வும் ப-வும் அசையாது. மைனர், மைனர் மேஜர் 7, மைனர் 7, மைனர் 6 என்று நாலு கார்டுகள் பெயருக்கு ஓடும், நடப்பது ஒரு விரல்தான். இந்த நாலு பாரில் "எந்த ஸ்கேல்" என்று கேட்டால் என்ன சொல்வது? 23-இலிருந்து 22-க்கு இறங்கினோம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஜூலை 4

டோம்பிவிலி நண்பர் ப்ளூ போஸாவை விட்டுவிட்டு 12 பார் சுழற்சியான மைனர் ப்ளூஸுக்குப் போய்விட்டாராம். இப்போது ஏ ஃப்ளாட் 7-இல் இடிக்கிறதாம். வாழ்க.

சி மைனர் ப்ளூஸில் 9-ஆவது பார் ஏ ஃப்ளாட் 7, 10-ஆவது ஜி7. ஏ ஃப்ளாட் 7-க்கு உண்டான ஸ்வரங்கள் ஏ ஃப்ளாட், சி, ஈ ஃப்ளாட், ஜி ஃப்ளாட். ஜி ஃப்ளாட் உங்கள் ம2. இவ்வளவு நேரம் அசையாது என்று நான் சொன்ன ஐந்தில் பஞ்சமம் இந்த ஒரு பாரில் வழிவிட வேண்டும், ப-வை நீட்டினால் இடிக்கும். இடி அங்கேதான் இருக்கும், பாருங்கள். மிச்ச ஸ்வரங்களைப் பாட்டின் ஸ்கேலிலிருந்தே நிரப்பினால் நி2, ரி2, ம1. சேர்த்தால் ஏ ஃப்ளாட்டில் வாசஸ்பதி. லிடியன் டாமினன்ட் என்று தனியாக ஒரு விதி படிக்கவே வேண்டாம். அதன் கூர்மையான நாலாவது ஸ்வரம் டி, உங்கள் ரி2, ஏற்கனவே பாட்டில் இருப்பதுதான்.

அங்கே டி ஃப்ளாட், அதாவது ரி1 வாசிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வாசிக்கலாம், ஏ ஃப்ளாட் 7-ஐத் தனியாகப் பார்த்தால் அதற்கும் அது உறவுதான். ஆனால் நான் ஒரு பார் பொறுப்பேன். ஜி7 வந்ததும் அதே ரி1 ஆல்டர்டுக்குள் வந்துவிடும், அடுத்த பாரின் முதல் அடியில் ச-வுக்கு இறக்கிக்கொள்ளலாம்.